செத்தவன் மூச்சு விடுதான்

மேல ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு முடுக்கில் மூன்றாவது வீடு அம்மையப்பன் வீடு. வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்தானதும் அந்த வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். டிவியில் சரித்திரத் தொடர் பார்க்க வருகிறார்கள் என்று புது ஆள் நினைப்பான். அதெல்லாம் சும்மா. தொடர் எல்லார் வீட்டிலும்தான் ஓடுகிறது. இங்கே வருகிறவர்கள், தொடர் பார்க்கிற அம்மையப்பனைப் பார்க்க வருகிறவர்கள்.

மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் அவருக்கு உத்தியோகம். அங்கே மனிதர் இருக்கிற இடம் தெரியாது. வீட்டில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். சரித்திரம் என்று சொல்லி யார் எதை எடுத்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராணியின் புஜத்தில் அம்மை குத்தின தழும்பு இருக்கும். எல்லாரும் ராணியின் நகைகளைப் பார்ப்பார்கள், அவர் தழும்பைப் பார்ப்பார். தளபதி வாளை ஓங்கினால் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டி வெளுத்துப்போன இடம் தெரியும். கோட்டை மதிலுக்குப் பின்னால் மின்சாரக் கம்பி ஓடும். அது அவர் கண்ணுக்குத் தப்பவே தப்பாது, சோறு போடுகிற கம்பியல்லவா.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை போர்க்களம்தான். சண்டை முடிந்து பிணங்கள் கிடக்கும்போது அவருக்கு வேலை ஆரம்பமாகும். எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றுகொள்வார். கண் அங்குமிங்கும் துழாவும். திடீரென்று ஆள்காட்டி விரலைப் பெட்டியின் கண்ணாடியில் வைத்து, "அன்னா, செத்தவன் மூச்சு விடுதான்" என்பார். எல்லாரும் பார்ப்பார்கள். அவர் விரல் வைத்த பிணத்துக்கு வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ராஜா அங்கே தேம்பித் தேம்பி அழுவார், இங்கே கூடம் முழுக்கச் சிரிப்பு அள்ளிக்கொண்டு போகும்.

அவர் மனைவி கோமு மறுநாள் காலையில் பழைய வேட்டித் துணியை நனைத்து அந்த விரல் தடங்களைத் துடைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சொல்கிற கருத்துகளைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துவிட்டது. ஆனாலும் அவர் விரலை வைக்கும்போது அவளும் சிரிக்கத்தான் செய்வாள்.

பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவிக்கு மட்டும் இதில் குறை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நிஜச் சாவுகளுக்கு நடுவே அழ நேரமில்லாமல் காலத்தைக் கழித்தவள், இப்போது ஓய்வாக உட்கார்ந்து ராஜா ராணிகளுக்காக அழ ஆசைப்பட்டாள். ஒரு அழுகையையாவது அண்ணாச்சி தன்னை முழுசாக அழ விட்டதில்லை என்று கோமுவிடம் முறையிடுவாள். முறையிட்டுவிட்டு அடுத்த வியாழக்கிழமையும் வந்துவிடுவாள்.

எதிர்வீட்டுத் தளவாய் வேறு ரகம். வீட்டு முன்னறையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அண்ணாச்சியை மடக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒருமுறை ஒரு ராணிக்கு மூக்குத்தி தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று அம்மையப்பன் சொல்லிவிட்டார். தளவாய் எங்கெங்கோ தேடி, பழைய ஓவியம் ஒன்று அச்சான புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். ராணிக்கு அதே பக்கத்தில்தான் மூக்குத்தி. அம்மையப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, வரைந்தவனும் தொடரைப் பார்த்துத்தான் வரைந்திருப்பான் என்று சொல்லிவிட்டார். ஓவியம் வரைந்த காலத்தில் மின்சாரமே கிடையாது. ஆனால் அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

டாக்குமெண்டரி என்றால் அவர் நடத்தையே மாறிவிடும். சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவருக்கு அதில் ஒரு மரியாதை. தாமிரபரணிக் கரையில் தோண்டியெடுத்த தாழிகளைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். தாழிக்குள் ஒரு மண்டையோடு. 'இவர் யார் என்பது தெரியவில்லை' என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. அம்மையப்பனுக்கு அப்படியொரு சந்தோஷம். "தெரியலன்னு சொல்லுதான் பாரு, அவன் யோக்கியன். சீரியல்காரனுக்கு மட்டும் ராஜா படுக்கையில பேசினதுகூடத் தெரியும்" என்றார். கோமு சமையல்கட்டு வாசலில் நின்று அந்த மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பெத்தவளுக்குத் தெரிஞ்சிருக்கும்லா" என்றாள். அந்தப் பெட்டியைப் பற்றி அவள் சொன்ன ஒரே கருத்து அதுதான். அம்மையப்பன் திரும்பி அவளைப் பார்த்தார்.

அவளுக்கு ஏன் அந்த நினைப்பு வந்தது என்பது அவருக்குத் தெரியும். இத்தனை கருத்துச் சொல்கிற மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று வருஷமாக வாயைத் திறக்கவில்லை. அது அவர்களுடைய ஒரே பிள்ளை சிவகணேஷ்.

பையன் கெட்டிக்காரன். சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து பிணங்களில் மூச்சு தேடியவன். கல்லூரி முடித்ததும் சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கச் சொன்னார் அம்மையப்பன். அவன் நடிக்கப் போகிறேன் என்றான். பரீட்சை அன்றைக்குக் கிளம்பிப் போனவன் ஜங்ஷனில் மெட்ராஸ் ரயிலைப் பிடித்துவிட்டான். போவதற்கு முதல் நாள் இருவருக்கும் பேச்சு முற்றிவிட்டது. "நீ வேஷம் கட்டி வந்தேன்னா இந்தப் பெட்டிய நான் ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்லே" என்று அப்பா சொன்னார். மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அதோடு சரி.

அதற்கு முன்பெல்லாம் ஆனித் தேருக்கு அப்பனும் பிள்ளையும் சேர்ந்துதான் வடம் பிடிப்பார்கள். வீட்டிலேயே அம்மையப்பன் மகனை முன்னால் நிறுத்தி, அவன் தலையில் துண்டைக் கட்டிவிடுவார். ஒரு முனையைக் காதோரமாகத் தொங்கவிட்டு மறுமுனையை இறுக்கிச் சொருகுகிற கட்டு. தேர் நிலைக்கு வருகிறவரை அவிழாது. தொடர்களில் வரும் தலைப்பாகைகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அது தைத்து மாட்டின தொப்பி, தலைப்பா என்றால் தலையில் கட்ட வேண்டும் என்பார். மகன் போனபிறகு மூன்று ஆனி வந்துபோனது. தேரன்றைக்கு அவர் தனியாகப் போய் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். துண்டு தோளிலேயே கிடக்கும்.

கோமு மட்டும் மகனோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் அவன் தளவாய் பூத்துக்குப் போன் போடுவான். கோமு, "கருவேப்பில வாங்கிட்டு வாரேன்" என்று வாசலைத் தாண்டுவாள். அவர்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் கூரை ஓட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. முதல் நாள் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னவள், பிறகு மாற்றத் தெரியாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மையப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். தழும்பையும் கம்பியையும் கண்டுபிடிக்கிற மனிதருக்குச் சொந்தக் கொல்லையில் நிற்கிற மரம் தெரியாது என்று அவள் நம்பினாள்.

வைகாசி பிறந்த சமயம் அப்படி ஒரு போனில் சிவகணேஷின் குரல் வேறு மாதிரி இருந்தது. வியாழக்கிழமை ஓடுகிற பாளையக்காரர் தொடரில் தான் வருவதாகச் சொன்னான். வருகிற வாரமே. கோட்டைச் சண்டையில். வசனம் ஒன்றும் கிடையாதாம். கோமுவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என்ன வேஷம் என்று கேட்டதற்கு, பார்த்தால் தெரியும் என்று மழுப்பிவிட்டான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"அம்மா, எனக்கு அலுத்துப் போச்சு. மூணு வருஷமா இங்கன வாசல் வாசலா நிக்கேன். அப்பாட்ட நான்தான்னு சொல்லாத. அவங்க பாக்கட்டும். அவங்க கண்ணுக்குத் தப்பில்லாம நின்னுட்டேன்னா நான் இங்கனயே இருப்பேன். தப்புன்னு விரல வச்சாங்கன்னா மூட்டையக் கட்டிட்டு வந்து பரீச்சை எழுதுதேன். நீ கூட்டாமக் குறைக்காம அவங்க சொன்னத அப்படியே சொல்லணும்."

கோமு சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மகன் தன் வாழ்க்கையைத் தூக்கி அவள் நாக்கில் வைத்துவிட்டான். 'அப்பா தப்புன்னாங்க' என்று ஒரே ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். மூன்று வருஷமாக அவள் நெல்லையப்பரிடமும் காந்திமதியிடமும் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதியை அவன் இல்லாமல் அவள் வைப்பதில்லை. அவன் படுக்கிற பாயைச் சுருட்டிப் பரணில் போட மனசு வராமல் சுவரோரமாகவே சாத்தி வைத்திருந்தாள். ஒரு பொய்தானே? அவர் எதைத்தான் சரி என்று சொல்லியிருக்கிறார், இதைச் சொல்ல? பொய்யே தேவைப்படாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் மகனை நினைத்து அவளுக்குத் துக்கமாகவும் வந்தது.

வியாழக்கிழமை தளவாயும் மஹ்மூதா பீவியும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பூத்துக்காரருக்குத் தெரியாத ரகசியம் ஏது? விஷயம் தெரிந்த முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் தளவாய் இருமிக்கொண்டே இருந்தார். மஹ்மூதா பீவி கோமுவுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தொடர் தொடங்கியது. அம்மையப்பன் வழக்கம்போல ஆரம்பித்தார். இந்தச் சீமையில் இப்படியொரு பாளையமே கிடையாது, எவனோ டீக்கடையில் உட்கார்ந்து கட்டின கோட்டை என்றார். கும்பினிச் சிப்பாயின் பூட்ஸ் இப்போது கடையில் விற்கிற பூட்ஸ் என்றார். கோமுவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. வேலோடு ஓடுகிறவர்கள், மதிலில் ஏறுகிறவர்கள், முரசு அடிக்கிறவன், குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், ஒவ்வொரு முகமாக அவள் தேடினாள். எல்லா முகத்திலும் கரியும் மீசையும். ஒருவனாவது அவள் பிள்ளையாக இல்லை. காட்சியை வெட்டிவிட்டார்களோ என்று பயந்தாள்.

சண்டை ஓய்ந்தது. புகை. தரையெல்லாம் பிணங்கள். ராணி தலைவிரி கோலமாக நடந்து வந்தாள். அம்மையப்பன் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். தளவாய் சிரிக்கத் தயாராக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

கோமு அப்போதும் நிற்கிறவர்களிலும் நடக்கிறவர்களிலும்தான் தேடிக்கொண்டிருந்தாள். செத்தவர்கள் பக்கம் அவள் கண் போகவே இல்லை. எந்தத் தாய்தான் அங்கே தேடுவாள்? அம்மையப்பனோ செத்தவர்களை மட்டும்தான் பார்த்தார், அது அவர் பழக்கம். குனிந்தார். கண் துழாவியது. ராணி ஒரு பிணத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பெட்டி நிறைய அந்த முகமும் நெஞ்சும். அவர் விரல் கண்ணாடியை நோக்கிப் போனது.

போன விரல் பாதியில் நின்றுவிட்டது.

இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு வடு. ஏழு வயதில் குறுக்குத்துறைப் படித்துறையில் வழுக்கி விழுந்தபோது பட்டது. சொட்டச் சொட்ட ரத்தத்தோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் அவர்தான். மீசை ஒட்டலாம், கரி பூசலாம், தலைப்பாகை மாட்டலாம். அந்த வடுவை அவருக்குத் தெரியாதா? பார்க்கவே மாட்டேன் என்று சொன்ன மனிதர்தான் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் முந்தி அவனைக் கண்டுபிடித்தார்.

ராணி பேசிக்கொண்டே போனாள். மண்ணைக் கூப்பிட்டாள், மலையைக் கூப்பிட்டாள், முன்னோர்களைக் கூப்பிட்டாள். மடியில் கிடந்தவன் அசையவில்லை. கண்ணிமை துடிக்கவில்லை, மூக்கு விடைக்கவில்லை, நெஞ்சு ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அம்மையப்பன் இன்னும் கிட்டப் போனார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் போய்விட்டார். அந்த நெஞ்சையே பார்த்தார். இத்தனை காலமும் எதைப் பார்த்துக் கேலி பண்ணினாரோ, அதைத்தான் இப்போது தேடினார்.

"மூச்சு விடுலே," என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. தளவாயின் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

ராணி இன்னும் முடிக்கவில்லை. அம்மையப்பன் விரலை மடக்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தார், அந்த நெஞ்சின் மேலேயே வைத்தார். "பைய விடு. பைய. ஒரு தடவ விடுலே."

அப்போதுதான் கோமு பார்த்தாள். கணவரின் விரல்களுக்கு மேலே தெரிந்தது அவள் பிள்ளையின் முகம். எழுந்து மஹ்மூதா பீவியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வேஷம் என்று தெரியும். போன வாரம்கூடப் போனில் பேசியவன். தெரிந்து என்ன செய்ய? மஹ்மூதா பீவி அவள் கையை இறுக்கிப் பிடித்து, காதோடு சொன்னாள். "செத்தவங்கள நான் நெறையப் பாத்தவ, கோமு. இன்னா பாரு, அவன் காது மடல. செக்கச் செவேல்னு இருக்கு. அவனுக்கு ஆயுசு கெட்டி."

காட்சி மாறிவிட்டது. திரையில் குதிரைகள் ஓடின. அம்மையப்பனின் கை மட்டும் அந்தக் குதிரைகளின் மேல் அப்படியே இருந்தது.

தொடர் முடிந்து விளம்பரம் வந்தபிறகும் யாரும் எழவில்லை. கடைசியில் தளவாய், "அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியே," என்றார். வேண்டுமென்று கேட்கவில்லை, பழக்கதோஷம்.

அம்மையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ராணி பேசினது தப்பு. குதிரை தப்பு. அந்தப் பாளையமே தப்பு," என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "செத்தவன் ஒருத்தன்தான் சரியாச் செஞ்சான்." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

அவர் வாயிலிருந்து சரி என்று ஒரு வார்த்தை வந்து அந்தக் கூடம் கேட்டதில்லை. கோமுவுக்குப் பெருமை தாங்கவில்லை, சந்தோஷத்தில் அழுதாள். அழுது முடித்தபிறகுதான் அந்த வார்த்தையின் இன்னொரு பக்கம் தெரிந்தது. அப்பா சரி என்றுவிட்டார். இதை அப்படியே சொன்னால் பிள்ளை வரமாட்டான். பாய் சுவரோரமாகவே நிற்கும்.

காலையில் எழுந்ததும் வழக்கம்போலப் பெட்டியைத் துடைக்கத் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அச்சு, ஐந்து விரலும் முழுசாக. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துடைக்காமல் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். வாசலைத் தாண்டும்போது, "கருவேப்பில வாங்கிட்டு வாரேன்," என்றாள். அம்மையப்பன் பேப்பருக்குள்ளிருந்து ம் என்றார்.

பூத்தில் தளவாய் அவளைப் பார்த்ததும், "மைனி, உள்ள போய் இருங்க" என்று கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். மணி அடித்ததும் கோமு எடுத்தாள். சிவகணேஷ் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"அம்மா, அப்பா என்ன சொன்னாங்க?"

பொய் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ராத்திரி அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். சின்னப் பொய். அவனுக்கே நல்லது. ஆனால் வாயைத் திறந்ததும் அவளுக்கு அந்த முகம்தான் கண்ணில் வந்தது. அசையாமல் கிடந்த முகம். அத்தனை நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்த பிள்ளையிடம், நீ செய்தது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? வராமல் போனாலும் போகிறான். அதைச் சொல்ல அவளால் முடியாது.

"செத்தவன் ஒருத்தன்தான் சரியாச் செஞ்சான்னாங்க," என்றாள். சொல்லும்போதே கண்ணீர் பொலபொலவென்று வந்தது. "வேற எல்லாம் தப்பாம். நீ ஒருத்தன்தான் சரியாம்."

அந்தப் பக்கம் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. அப்போது பூத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. அம்மையப்பன் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, கொல்லை மரத்தில் அப்போதுதான் ஒடித்தது.

"கருவேப்பில வாங்கத்தானே வந்த," என்று சொல்லி, அதை அவள் கையில் வைத்தார். கோமுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூன்று வருஷமாக அந்த மரம் அவர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் ரிசீவருக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

"ஏலே."

"அப்பா..."

"எம்புட்டு நேரம்லே மூச்ச அடக்கிக் கெடந்த?"

பக்கத்தில் ஒட்டி நின்ற கோமுவுக்கும் மகன் சொன்னது கேட்டது. ராணிக்கு வசனம் நிற்கவே இல்லையாம். மறுபடி மறுபடி எடுத்தார்களாம். ஒவ்வொரு தடவையும் அவன் முதலிலிருந்து சாக வேண்டியிருந்ததாம். டைரக்டரே பாவப்பட்டு, லேசாக மூச்சு விட்டுக்கொள், யார் கவனிக்கப் போகிறார்கள் என்றாராம்.

"எங்கப்பா கவனிப்பாங்கன்னு சொன்னேன். நீங்க எந்திரிச்சு வந்து என் நெஞ்சுல விரல வச்சிருவீங்கன்னு நெனச்சிக்கிட்டேதான் கெடந்தேன்பா."

அம்மையப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்ற தளவாய் வேறு பக்கம் பார்த்தார். அம்மையப்பன் ரிசீவருக்குள் மெதுவாகச் சொன்னார்.

"இனிமே அப்படிக் கெடக்காதலே. பைய மூச்சு விட்டுக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒன்றும் சொல்ல மாட்டாராம், அவர். கோமு அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவள் நினைத்தது சரிதான். அந்த வாக்கு அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"ஆனா அந்தத் தலப்பா தப்புலே. அது கட்டா? எவன் கட்டினான் உனக்கு? ஆனித் தேருக்குக் கெளம்பி வா. கட்டிக் காட்டுதேன். திரும்பிப் போய் அவனுகளுக்குச் சொல்லிக் கொடு."

அந்தப் பக்கத்திலிருந்து மகன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. அம்மையப்பன் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டபடியே நின்றார்.